மெத்தைக் கடைக்கும் முருகனுக்கும் ஒரே மேளம்

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேருக்குக் காது மந்தமாகப் போனதற்கும், மீதிப் பேர் நடக்கும்போதே தாளம் போடுவதற்கும் காரணம் ஒரே ஆள்தான். சவுண்டு அண்ணன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதே இல்லை.

ஒரு பழைய லேப்டாப் கைக்கு வந்த நாளிலிருந்து மனிதர் இசையமைப்பாளர் ஆகிவிட்டார். அதில் இசைத் துண்டுகள் ஆயத்தமாகவே இருக்கும். ஒரு துண்டு தவில், ஒரு துண்டு புல்லாங்குழல், ஒரு துண்டு கிட்டார். இழுத்து அடுக்கிவிட்டால் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். கல்யாணமோ கருமாதியோ, முதலில் மைக்கில் அறிவிப்பு வரும்: "இசை, சவுண்டு அண்ணன்!" தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் ஒரு பசுமாடு காணாமல் போனபோது அந்த அறிவிப்புக்கும் பின்னணி இசை போட்டார். மாடு அன்று மாலையே திரும்பி வந்தது. மாட்டுக்காரி, பசிக்கு வந்தது என்றாள். அண்ணன், புல்லாங்குழலுக்கு வந்தது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

வினை கினிகத்தேனை டவுனில் காத்திருந்தது. எங்கள் முருகன் கோயில் தேரை ஏற்றத்தில் இழுக்கும்போது போடுவதற்கு அண்ணன் ஓர் இசை செய்துகொண்டிருந்தார். நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், எல்லோருக்கும் 'சேர்'. திருவிழா நோட்டீஸ் எழுதுவதும் என் தலையில்தான். 'தேர் இசை: சவுண்டு அண்ணன்' என்ற வரிக்காக மூன்று நாள் என் வாசலிலேயே நின்றார். அவர் பெயர் அதுவரை அச்சில் வந்ததே இல்லையாம். சரியென்று எழுதிவிட்டேன். அந்த நேரம் பார்த்து, பஜனைக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்கும் கணக்கப்பிள்ளை ஐயா கினிகத்தேனைக்குப் போனார். அங்கே ஒரு மெத்தைக் கடை விளம்பர வேனில், அண்ணன் கோயிலில் போட்டுக் காட்டியிருந்த அதே மேளம், அச்சு அசலாக!

கோயில் மண்டபத்துக்குள் நுழையும்போதே கத்தினார். "மெத்தைக்கும் முருகனுக்கும் ஒரே மேளமாய்யா? எவனோ அடிச்சு வச்சத எடுத்து ஒட்டிட்டு இசையமைப்பாளராம்! சேர், அந்த வரிய வெட்டுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் முகம் செத்துவிட்டது. ஆனால் மனிதர் அசையவில்லை.

"ஐயா, தோட்டத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே தேயிலைத் தூள்தான் குடுக்குறாங்க. உங்க வீட்டுத் தேத்தண்ணியும் எங்க வீட்டுத் தேத்தண்ணியும் ஒண்ணாங்க? இந்தாங்க லேப்டாப்பு. எட்டே எட்டு துண்டு. நீங்களும் செய்ங்க, சேரும் செய்யட்டும், நானும் செய்றேன். ஞாயித்துக்கெழம இங்கயே போட்டுப் பாப்போம். என்னுது தேருக்கு ஆகாதுன்னு சனங்க சொன்னா, அந்த வரிய நானே வெட்டிடுறேன்."

என்னை எதற்கு இழுத்தார் என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம்.

லேப்டாப்பை முறை வைத்து வாங்கிச் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை முதலில் என்னுடையதைப் போட்டார்கள். சத்தியமாக நான் கஷ்டப்பட்டுத்தான் செய்தேன். தேர்தல் பிரசார வேன் பள்ளத்தில் விழுந்ததுபோல் இருந்தது. "பாவம் சேரு" என்றார் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. அத்தோடு விட்டார்கள். அடுத்தது கணக்கப்பிள்ளை ஐயா. "எட்டும் நல்லாத்தானப்பா இருக்கு, எதுக்குக் கொறைக்கணும்?" என்று எட்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தார். மண்டபத்தில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின.

பிறகு சவுண்டு அண்ணன். அதே எட்டுத் துண்டுகள்தான், மெத்தைக் கடை மேளம் உட்பட. ஆனால் நிதானமாக, வடம் பிடிக்கிற கைகளின் வேகத்தில் வந்தது. ஏறியது, இன்னும் ஏறியது, உச்சத்துக்குப் போனதும் டக்கென்று எல்லாம் நின்றுவிட்டது.

"அரோகரா!"

யாரும் சொல்லித் தரவில்லை. மொத்த மண்டபமும் கத்தியது. எல்லோரையும் முந்திக்கொண்டு வந்த குரல் கணக்கப்பிள்ளை ஐயாவுடையது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் கத்தியது கத்தியதுதானே! மேளம் மறுபடி தொடங்கியது.

"அந்த எடத்துல ஏம்ப்பா நிறுத்துன?" என்று கேட்டார் ஐயா. குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஏத்தத்துல வடம் புடிக்கிறவங்க மூச்சு வாங்க நிப்பாங்கல்ல, அந்த எடங்க ஐயா. சக்கரத்துக்குக் கட்ட போடுவாங்க, அரோகரா சொல்லுவாங்க, அப்புறந்தான் இழுப்பாங்க. வருசா வருசம் ஸ்பீக்கரத் தூக்கிக்கிட்டு தேர் பக்கத்துலயே நடக்குறேன். எனக்குத் தெரியாதுங்களா?"

கணக்கப்பிள்ளை ஐயா என் பக்கம் திரும்பினார். "சேர், அந்த வரி இருக்கட்டும். கொஞ்சம் பெரிய எழுத்தாவே போடுங்க."

கம்ப்யூட்டரில் துண்டு ஒட்டுகிறவனெல்லாம் இசையமைப்பாளரா என்று யாராவது கேட்டால் நான் வாதாடுவதில்லை. என்னிடமும் அதே எட்டுத் துண்டுகள்தான் இருந்தன. நான் கொழும்புக்கு மாறி வந்து வருடங்களாகிவிட்டன; அந்தத் தேர் இசை இன்னும் என் போனில் இருக்கிறது. பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகும்போது மேளம் நிற்கிற இடம் வந்தால் அடக்க முடிவதில்லை, சத்தமாகவே "அரோகரா" என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விடுகிறார். போகட்டும். அந்த இடத்தை எங்கள் அண்ணன் எனக்கும் சேர்த்துத்தான் விட்டு வைத்திருக்கிறார்.