நான் அசையவே இல்லை

சாவதற்கு நானே சம்மதித்தேன். மக்ரூனுக்காக.

என் மனைவி பிலோமினா சுகாதார நிலையத்தில் நர்ஸ். சர்க்கரை வியாதி பற்றிச் சிரிக்கச் சிரிக்க ஒரு வீடியோ எடுக்கும்படி அவளுக்கு உத்தரவு. நோயாளியைத் தேடி அவள் தெருவுக்குப் போகவில்லை. வீட்டிலேயே நான் இருந்தேன். சீனியும் முந்திரியும் சேர்ந்த மக்ரூனை நான் டப்பாவோடு ஒளிப்பதும் அவள் கண்டுபிடிப்பதுமாக எங்கள் இல்லறம் ஓடிக்கொண்டிருந்தது. என் கால்களை டாக்டரிடம் காட்டலாம் என்று அவள் கெஞ்சாத நாளில்லை. "சங்கு குளிக்கிறவன் காலுக்கு என்னளா கேடு?" என்று நழுவிவிடுவேன்.

"நீங்க பொணமா படுக்கணும்," என்றாள்.

"ஏளா, நல்ல நாளும் அதுவுமா!"

"வீடியோ மனசுல நிக்கணும்லா? சிரிக்கவும் வைக்கணும், கொஞ்சம் பயங்காட்டவும் செய்யணும்."

"எனக்கு என்ன லாபம்?"

"கடைசி வரை அசையாம கிடந்தியள்னா ஞாயித்துக்கிழமைதோறும் மக்ரூன். அசைஞ்சியள்னா டாக்டர்ட்ட வரணும்."

கடலடியில் மூச்சடக்குகிற எனக்கா இது பெரிய காரியம்?

சாயங்காலம் நடுவீட்டு பெஞ்சில் படுத்தேன். கல்யாணச் சட்டை, நெஞ்சில் சிலுவை, தலைமாட்டில் மெழுகுவர்த்தி. மோவாயைத் துணியால் கட்டினாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். வலது விரலில் நூல் இறுகியது. பக்கத்து வீட்டு விஜிலா போனைப் பிடித்தாள். கண்ணை மூடினேன்.

"மக்ரூனை எங்கன ஒளிச்சியளோ, என் ராசா! வலைக்குள்ள தேடுனேனே, காணலியே!" என்று பிலோமினா ஒப்பாரி வைத்தாள். வாசலில் கூடிய தெருவே சிரித்தது. ஈர்க்குச்சி என் வலது உள்ளங்காலில் ஊர்ந்தது. பாவி! மீசை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது மாதா கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. ஒற்றை ஒற்றையாக. நிஜமாகவே யாரோ போய்விட்டார்கள். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்து திரி கருகும் வாடை வந்தது. சிரிப்பு சட்டென்று நின்றது.

"யக்கா," என்றாள் விஜிலா. "அண்ணனுக்கு நெசமாவே உசுரு இருக்கா?"

எனக்கே சந்தேகமாகிவிட்டது. ஆனாலும் அசையவில்லை.

"போதும், எந்திரிங்க," என்றாள் பிலோமினா.

"செயிச்சுட்டேன்ளா!"

வீடியோ ஓடிக்கொண்டிருந்த போனை நீட்டினாள்.

வலது காலில் குச்சி ஊர்கிறது. என் மீசை ஆடுகிறது. தெரு சிரிக்கிறது. அப்புறம் குச்சி இடது காலுக்குப் போகிறது. வருடுகிறாள். சுரண்டுகிறாள். அழுத்திக் குத்துகிறாள். மீசையில் ஒரு முடி அசையவில்லை. அவள் அந்தக் காலைத் தொட்டதே எனக்குத் தெரியாது. சிரிப்பு நின்றது மணிச்சத்தத்தால் அல்ல. போனில் கிடந்த பிணத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

பிலோமினா மக்ரூன் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. இது ஒப்பாரிக் கண்ணீர் இல்லை.

"அசையவே இல்லியே. தின்னுங்க."

டப்பாவை அவள் பக்கமே தள்ளினேன். "ஆட்டோவக் கூப்பிடு. டாக்டர்ட்ட போவோம்."

ஆட்டோ வரும்வரை அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.