தீவில் இல்லாத சிறுத்தை

லாங் ஐலண்ட், அந்தமான்
12-1-1966

மரியாதைக்குரிய மாமா வியாகுலம் அவர்களுக்கு,

மருமகன் மத்தியாஸ் கைகூப்பி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நலம். தாங்களும், அத்தையும், தலைப்பிரசவத்துக்கு அங்கே வந்த லூசியும், நான் இன்னும் முகம் பாராத என் மகளும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

"சிறுத்தை உலாவும் தீவுக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டேன்" என்று எழுதி, எடுத்த கப்பல் டிக்கெட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களாமே! ஐயோ மாமா, என் பெயர் வந்த பெருமைக்கு நான் அனுப்பிய திருநாள் நோட்டீஸில் இருந்தது பட்டிமன்றத் தலைப்பு. 'சிறந்தது தேவதாரு மரமா, சிறுத்தையா?' இங்கே இரண்டும் கிடையாது. போன வருஷம் 'மீனா, தேங்காயா' என்று வைத்து அடிதடியில் முடிந்தது. அதனால், யாருக்கும் சொந்தமில்லாத தலைப்பாக இருக்கட்டுமென்று, இமயமலைப் பக்கம் வேலை பார்த்து வந்த ரேஞ்சர் பக்தவத்சலம் இதைக் கொடுத்தார்.

எனக்குச் சிறுத்தைக் கட்சி. தன்னைவிடக் கனமான இரையைக் கவ்விக்கொண்டு மரமேறுமே, உங்கள் தேவதாரு ஆயிரம் வருஷம் நின்றும் அடுத்த மலையைப் பார்த்ததுண்டா என்று எதிரணியை விளாசினேன். விசில் பறந்தது. பிறகு மளிகைக்கடை சிராஜ் எழுந்தான். "அரே மத்தியாஸ் பாய், ஆண் சிறுத்தை என்னிக்காவது குட்டி மூஞ்சியப் பார்க்க வருமா? தேவதாரு பாரு, தன் கன்னுங்களுக்கு நடுவுலயே நிக்குது!" என்றான். கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது, மாமா. மைக்கை வச்சுட்டு, கொட்டகைக்குப் பின்னாடி போய் அழுதேன். பிள்ளை நடக்குதாம், எல்லாரையும் கூப்பிடுதாம்; அப்பான்னு யாரைக் கூப்பிடும்? லீவு கேட்டா, நான் வேலை பாக்குற மர மில் மேனேஜர் மழைக்கு அப்புறம் பார்க்கலாங்கிறார். ராத்திரி சோறு வடிக்கும்போது லூசிக்கும் சேர்த்தே அரிசி போட்டுடறேன், மாமா. மிச்சத்தை நாய் தின்னுட்டுக் கொழுத்துப்போச்சு.

ஆகையால், கொசுவும் அட்டையும் தவிர இங்கே கடிக்கும் ஜீவன் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். அடுத்த கப்பலில் இருவரையும் அனுப்பி வையுங்கள். அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைக்கு என் சார்பில் நீங்களே ஒரு முத்தம் கொடுங்கள். மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மத்தியாஸ்

பி.கு.: இதை ரேஞ்சரிடம் படித்துக் காட்டினேன். "முதலையை ஏன்யா விட்டுட்டே?" என்கிறார். ஆமாம் மாமா, ஓடையில் முதலை உண்டு. இனி நீங்கள் அனுப்ப மாட்டீர்கள். ஆகவே மேனேஜரிடம் சொல்லாமலே கப்பலேறிவிட்டேன். கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். படித்து முடித்ததும் தலையைத் தூக்குங்கள். எதிரில் நிற்பது யாரென்று என் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.