வித்தியாசம் அண்ணனும் நடுங்கிய லேத்தும்

பெங்களூர் டிராஃபிக்கைவிட அதிகமாக என்னைக் களைக்க வைத்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். எங்கள் பீன்யா ஃபேக்டரியின் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்த வித்தியாசம் அண்ணன். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

சொன்னதற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்காமல் அவரால் மூச்சுவிட முடியாது. பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நின்றால் இறங்கி அடி அடியாக அளந்து, "பதினோரு அடி வித்தியாசம் சாமி" என்று டிரைவரிடம் சொல்வார். டிரைவர் கன்னடத்தில் திட்டுவதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். முதலாளி வீட்டுக் கல்யாண ரிசப்ஷனில் முதலாளியையே தேடிப் பிடித்து, "ஏழு மணின்னு பத்திரிகையில போட்டீங்க சார், பொண்ணு மாப்ள மேடை ஏறினது எட்டேகால்" என்றவர் அவர்.

"ஏண்ணா இப்படி மனுஷங்க உயிரை வாங்கறீங்க?" என்று ஒருநாள் கேன்டீனில் அலுத்துக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்து கால் கெஞ்சிக்கொண்டிருந்த நேரம்.

உடனே டம்ளரை நீட்டினார். "கண்ணை மூடிட்டு இதுல பாதி தண்ணி ஊத்தும்மா."

ஊற்றினேன். மேஜையெல்லாம் தண்ணீர்.

"இப்ப கண்ணைத் தொறந்து ஊத்து."

சரியாகப் பாதியில் நிறுத்தினேன்.

"அவ்ளோதாம்மா நம்ம மிஷின்ல இருக்கற சர்வோவும். சாதா மோட்டார் கண்ணை மூடிட்டு சுத்தும். சர்வோ மோட்டார் வால்ல என்கோடர்னு ஒரு கண்ணு இருக்கு. எங்க நிக்கிறோம்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும். நிக்கச் சொன்ன எடத்துக்கும் நிக்கிற எடத்துக்கும் வித்தியாசம் தீர்ற வரைக்கும் கன்ட்ரோலர் மோட்டாரைத் தள்ளிக்கிட்டே இருக்கும். நம்ம லேத்து, பாட்டில்ல லேபிள் ஒட்டற மிஷின், ரோபோ கை, ஏரோப்ளேன் றெக்கை, எல்லாம் இதே கதைதான். அந்தக் கண்ணு மட்டும் பொய் சொல்லக் கூடாது."

மேஜையை நான்தான் துடைத்தேன்.

நான் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஏற்கெனவே ஒரு தப்புக்கு மெமோ வாங்கியிருந்தேன். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அதற்கு அடுத்த வாரம் பார்த்து மகளுக்குக் காய்ச்சல், எனக்குத் தூக்கமில்லை. முதலாளி வேறு "இன்னும் வேகம், இன்னும் வேகம்" என்று போனில் பிடுங்கி எடுத்தார். அந்தக் களைப்பில் புத்தி கெட்டுப்போய், யாரிடமும் சொல்லாமல், ஷாஃப்ட் கடைகிற லேத்தின் சர்வோ கெய்னை ஏற்றிவிட்டேன். கெய்ன் என்பது, வித்தியாசத்தைக் கண்டதும் மோட்டார் எவ்வளவு ஆத்திரமாகப் பாய வேண்டும் என்கிற எண்.

முதல் நாள் லேத்து பறந்தது. மறுநாள் உறுமியது, நடுங்கியது. வெளியே வந்த ஷாஃப்டுகளில் எல்லாம் வரி வரியாய்க் கோடு. ஒரு டிரே முழுக்க ரிஜெக்ட்.

அண்ணன் வந்து லேத்தின் மேல் கை வைத்துப் பார்த்தார். பழைய கெய்ன் எண்ணை லேத்தின் பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரில் அவரே எழுதி வைத்திருந்தார். கதவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ரிஜெக்ட் டிரேயைப் பார்த்தேன்.

"எடத்தைத் தாண்டிப் போகுது, திரும்பி வருது, மறுபடி தாண்டுது. பாவம், நிக்க முடியல" என்றபடி கெய்னைக் குறைத்தார். நடுக்கம் நின்றது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "எவனாவது நம்பர்ல கை வச்சானா? வச்சவன் இன்னையோட வீட்டுக்கு!"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். இதே முதலாளியிடம் ஒண்ணேகால் மணி நேர வித்தியாசத்தை முகத்துக்கு நேராகச் சொன்ன வாய் அல்லவா? தொலைந்தேன் என்று டிபன் பாக்ஸைப் பையில் எடுத்து வைத்தேன்.

"யாரும் தொடல சார். மிஷினுக்கு வயசாயிருச்சு" என்றார் அண்ணன், கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டே.

முதலாளி போனதும் என்னிடம் வந்தார். "வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா. இங்க நான் பாத்துக்கறேன். உனக்கும் கெய்ன் ஜாஸ்தியா இருக்கு."

போன வருஷம் ரிட்டயராகி ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பஸ் இன்றைக்கும் நிறுத்தத்தைத் தாண்டித்தான் நிற்கிறது. நானும் கால் வலியோடு அடி அடியாக எண்ணிக்கொண்டே திரும்பி நடக்கிறேன். நேற்று ஒன்பது அடி. சொல்வதற்கு அவர் இல்லையே என்றிருந்தது.