அடுத்த ஆல்பத்தின் கலர்

கையில் துணி வைத்திருப்பவன் யாருக்கும் ரசிகனாக இருக்கக் கூடாது. சினிமா நடிகருக்கோ கிரிக்கெட்காரருக்கோ ரசிகனாக இருந்தாலாவது ஊரில் துணைக்கு நாலு பேர் கிடைப்பார்கள். நான் போய் விழுந்தது கடல் தாண்டி இருக்கும் ஒரு ஹெவி மெட்டல் குழுவிடம். அதில் இருப்பவர்கள் எல்லோருக்கும் என் அப்பா வயது. மிச்சமிருக்கும் முடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு, கடப்பாறையால் ஷட்டரை நெம்புகிற மாதிரி கிடார் வாசிப்பார்கள். குழுவின் பெயரைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று அக்கா தடை போட்டிருக்கிறாள். (தடையை மீறினால் அன்றைக்குச் சோறு கிடையாது.)

அப்போது எங்களுக்குத் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன பனியன் கம்பெனி இருந்தது. அப்பா ஆரம்பித்தது. பஞ்சுத் தூசியில் அவருடைய நெஞ்சு கெட்டு, வீட்டோடு உட்கார்ந்துவிட்ட பிறகு அக்கா எடுத்து நடத்தினாள். நான் பி.காம். முடித்துவிட்டு அங்கே மேனேஜர் என்ற பெயரில் இருந்தேன். டெய்லர்களுக்கு டீ சொல்வது, கரண்ட் போனால் ஈ.பி. ஆபீசுக்கு போன் போடுவது, இரண்டும் என் பொறுப்பு. மீதி நேரம் முழுவதும் போனில் ரசிகர் குழுவிலேயே குடியிருந்தேன்.

எங்கள் ஆட்கள் பல வருடங்களாக ஆல்பம் எதுவும் வெளியிடவில்லை. பாட்டு வராத காலத்தில் ரசிகனுக்கு வேறு என்ன வேலை, அடுத்தது எப்போது, எப்படி என்று பேசிக்கொண்டே இருந்தோம். டிரம்மர் தாடியை எடுத்துவிட்டாரா, பழைய பாணிக்குத் திரும்புகிறார்கள். பாடகர் கழுத்தில் துண்டு சுற்றியிருக்கிறாரா, ரெக்கார்டிங் நடக்கிறது. கிடார்காரர் ஒரு நாய்க்குட்டி வாங்கியதற்கு மூன்று வாரம் விவாதம் ஓடியது. இந்தக் கலையில் எங்கள் பண்டிதர் பின்லாந்துக்காரர் ஒருவர். அவர் சொன்னது ஒன்றுகூட இதுவரை பலித்ததில்லை. அதனாலேயே இந்த முறை பலித்துவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆல்பத்தின் அட்டையும் ஒரே கலர்தான், படம் கிடையாது. ஆல்பம் வெளியாகும் நாளில் உலகமெங்கும் ரசிகர்கள் அதே கலரில், எழுத்து ஏதும் இல்லாத டி-ஷர்ட் போட்டுக்கொண்டு திரிவார்கள். ஆகவே ஆல்பம் எப்போது என்பதைவிட என்ன கலர் என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு தை மாதம் பின்லாந்துக்காரர் விடை கண்டுபிடித்தார். கிடார்காரர் ஒரு பேட்டியில் உட்கார்ந்திருந்தபோது பின்னால் தெரிந்த சுவர்தான் அந்தக் கலர் என்றார். அடிபட்டுக் கன்றிப்போன தோலின் நிறம். வயலட்டிலும் சேராது, பிரவுனிலும் சேராது. மாசியில் ஆல்பம் நிச்சயம் என்றும் எழுதினார். சந்தோஷத்தில் அழுதுவிட்டதாக ஒருவர் பதில் போட்டிருந்தார்.

மற்ற ஊர் ரசிகர்கள் இதைப் படித்து ஆளுக்கு ஒரு கருத்து எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நான் திருப்பூர்க்காரன். எனக்கு எங்கள் குடோனில் இருந்த துணி ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவாள். அந்த வருடம் அப்பாவின் மூச்சு சீராக வேண்டும் என்று வேண்டுதல். கிளம்புகிற அன்று சாவியை என் கையில் கொடுத்தாள்.

"தம்பி, குடோன்ல இருக்கற துணிய மட்டும் தொட்டராத. ஸ்கூல்காரங்க கலர் சொல்லோணும். சொன்னதுக்கு அப்புறந்தான் சாயத்துக்கு அனுப்போணும். இந்த சீசனுக்கு நமக்கு இருக்கறது அது ஒண்ணுதான், ஞாபகம் வெச்சுக்க."

"செரிக்கா" என்றேன்.

அவினாசிப் பக்கம் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்கான ஆர்டர் அது. சாயம் போடாத துணி எந்தக் கலராகவும் ஆகலாம். ஒரு முறை போட்டுவிட்டால் அப்புறம் அதன் தலையெழுத்து அதுதான். அதனால் எங்கள் ஊரில் ஆர்டர் உறுதியாகி, கலரும் உறுதியாகி வரும்வரை யாரும் துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்ப மாட்டார்கள். இது திருப்பூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் நான் பெரிய கணக்குப் போட்டேன். ஸ்கூல்காரர்கள் எப்படியும் இழுத்தடிப்பார்கள். அதற்குள் சரியான கலரில் டி-ஷர்ட் வைத்திருக்கும் ஒரே ஆள் உலகத்திலேயே நான்தான் என்று ஆகிவிடும். எல்லாவற்றையும் விற்று, ஸ்கூலுக்குப் புதுத் துணி வாங்கி, பழனியிலிருந்து வரும் அக்காவை மாலையோடு வரவேற்பேன். அக்கா பழனிப் பாதையில் குண்டடம் தாண்டுவதற்குள் துணி முழுவதையும் டெம்போவில் ஏற்றிவிட்டேன்.

சாயப்பட்டறை மாஸ்டர் அப்பா காலத்துப் பழக்கம். என்னைப் பார்த்ததும் ஷேடு நம்பர் கேட்டார். நான் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இது யாரோ ஒருத்தரு ஊட்டுச் செவுருங்களே."

"அந்தச் செவுத்துக் கலருதானுங்க வேணும்."

"போனைச் சாய்ச்சா ஒரு கலரு, நிமித்துனா ஒரு கலராத் தெரியுதுங்க. எதைப் போடட்டுங்க?"

"ரெண்டுக்கும் நடுவுல போடுங்க."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அக்காகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"அக்கா நடையில இருக்கறாங்க. சாமி காரியத்துல போயி எதுக்குங்க தொந்தரவு பண்றது."

அன்றைக்கு நான் காட்டிய பக்தியை முருகனே நம்பியிருக்க மாட்டார். மாஸ்டர் நம்பினார். கையகலத் துணியில் சாயம் போட்டுக் காட்டினார். அதை டியூப் லைட் வெளிச்சத்தில் படம் பிடித்து ரசிகர் குழுவில் போட்டேன். 'இதுவேதான்' என்று பின்லாந்துக்காரர் எழுதினார். (அவரும் போனில்தான் பார்த்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை.) மாஸ்டருக்கு ஓகே சொன்னேன்.

துணி சாயமேறி வந்தது. வெயிலில் பிரித்துப் பார்த்தால், முந்தின நாள் வதக்கி மறுநாள் சுடவைத்த கத்திரிக்காயின் நிறம். கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன என்று கட்டிங்கும் போட்டாயிற்று. எங்கள் டெய்லர்களில் மூத்தவர் பேச்சியம்மாள். சாத்தூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், அக்காவே அவரிடம் கொஞ்சம் பயப்படுவாள். ஒரு டி-ஷர்ட்டைத் தைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, இது யாரு உடுத்துறதுக்கு?"

"வெளிநாட்டுக்காரங்களுக்குங்க."

"அவுக கேட்டாகளா?"

"கேப்பாங்க."

"அப்ப இன்னும் கேக்கல."

நான் டீ சொல்லப் போனேன்.

தைப்பூசம் முடிந்து அக்கா பஸ்ஸில் திரும்பிய நாளின் காலையில் குழுவின் அறிவிப்பு வந்தது. டிரம்மருக்குக் கை நடுக்கம். குணமாகாத நோய். அவர் இல்லாமல் நாங்கள் இனி மேடை ஏற மாட்டோம், புதிய ஆல்பமும் வராது, இத்தனை வருடம் கூட இருந்ததற்கு நன்றி. அவ்வளவுதான். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கம்பெனி வாசலில் உட்கார்ந்து அழுதேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் அந்த டிரம்மருக்காகத்தான் அழுதேன். பத்தாவதில் ஃபெயிலாகி ஊரே என்னைத் துக்கம் விசாரித்தபோது, காதில் இருந்தது அந்த மனிதரின் இரண்டு கைகள்தான். அவற்றால் இனி ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் பிடிக்க முடியாது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. துணி ஞாபகம் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நெற்றியில் திருநீறு, இரண்டு பாதத்திலும் துணிக்கட்டு. என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பாவுக்கு என்னடா ஆச்சு?"

"அப்பா நல்லா இருக்கறாருக்கா. டிரம்மருக்குத்தான்..."

"யாருக்கு?"

நான் கம்பெனிக்கு உள்ளே கை காட்டினேன். அக்கா நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். டேபிள் நிறையக் கத்திரிக்காய்.

"இது என்ன கலருடா?"

"அடுத்த ஆல்பம்க்கா."

"அது எப்ப வருதாம்?"

"வராதாம்க்கா."

அக்கா துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் மாஸ்டருக்கு போன் போட்டாள். இதன் மேல் கருப்பு மட்டும்தான் ஏறும், வேறு எந்தக் கலரும் ஏறாது என்றார் மாஸ்டர். என்றைக்கும் இழுத்தடிக்கிற ஸ்கூல்காரர்கள் அந்த வருடம் மட்டும் மறுநாளே கலர் சொன்னார்கள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். அக்கா வெறும் கையை வைத்துக்கொண்டு கட்டுப் போட்ட காலோடு எங்கள் ஊர் ராயபுரத்தில் துணி வியாபாரம் பார்க்கிற தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஏறி இறங்கினாள். யாரிடமும் கடனுக்குத் துணி கிடைக்கவில்லை. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது.

தைக்க வேலை இல்லாமல் டெய்லர்கள் சில நாள் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாகப் போனவர் பேச்சியம்மாள். "எங்க வீட்டுக்காரரு நிறத்துக்கு இது எடுக்கும்" என்று ஒரு டி-ஷர்ட்டை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எடுக்காது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆடி பிறப்பதற்குள் மெஷின்களையும் விற்று டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டோம். இதையெல்லாம் சிரித்துச் சிரித்து எழுதுகிறேனே தவிர, அந்த டெம்போ திரும்புகிற வரைக்கும் அக்கா வாசலில் நின்றது இன்னும் என்னைக் குத்துகிறது. அப்பா அன்றைக்குப் பகல் முழுவதும் படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தார்.

இப்போது அக்கா வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். நான் மெர்ச்சண்டைசர், ஆர்டர்களைப் பின்தொடர்கிற வேலை. கலருக்கு அனுமதி வரும்வரை ஒரு மீட்டர் துணியைக்கூட நகர விடாத ஆள் என்று எனக்கு நல்ல பெயர் இருக்கிறது. அந்த டி-ஷர்ட்டுகளுக்கு மட்டும் அழிவே இல்லை. மாஸ்டரின் சாயம் அப்படி நின்றது. சொந்தக்காரர் வீட்டுக் கொடிகளில் எல்லாம் அதுதான் தொங்குகிறது. சேவூர் மாமா அதைப் போட்டுக்கொண்டுதான் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறார். பின்லாந்துக்காரர் ஆசையாக ஒன்று கேட்டார், அனுப்பிவைத்தேன். 'கலர் கொஞ்சம் தப்பு' என்று பதில் எழுதினார்.

அக்கா இன்று வரைக்கும் என்னைத் திட்டவே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். மழை வரும் போலிருக்கிறது என்று நான் சொன்னால், "ஆர்டரு வந்துருச்சா?" என்பாள். சித்தி தன் மகளுக்கு இந்த வருடம் கல்யாணம் கூடிவிடும் என்றால், "ஆர்டரு வந்துருச்சுங்களா, சின்னம்மா?" கொஞ்ச நாளில் சொந்தம் முழுக்க இதைப் பிடித்துக்கொண்டது. எந்தச் சீர், எந்த விருந்து என்றாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார், கூட்டமே என்னைத் திரும்பிப் பார்க்கும். அப்பா மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன சித்திரையில் அப்பாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார். அந்த அறையில் ஓரம் என்பது கட்டிலுக்கு நாலடி தள்ளி.

"இன்னைக்கோ நாளைக்கோங்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க."

அக்கா போனை எடுத்து சேவூர் மாமாவின் நம்பரைத் தேடினாள். விரல் ஓடவில்லை. நான் அவள் கையிலிருந்து போனை வாங்கினேன், எனக்கும் கண் தெரியவில்லை. அப்போது பின்னால் ஒரு சத்தம். அப்பா முகத்திலிருந்த மாஸ்க்கைக் கையால் இழுத்து விலக்கியிருந்தார்.

"ஏனுங் டாக்டரு, ஆர்டரு வந்துருச்சுங்களா?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன ஆர்டருங்க?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. என்னைக் கை காட்டினாள். "இவனக் கேளுங்க. இவன் சொல்லுவான்."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, பின்லாந்துக்காரரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மாஸ்டரிடம் நான் பேசிய பேச்சைக் கொஞ்சம் எனக்குச் சாதகமாக மாற்றிச் சொன்னபோது, இல்லை என்று விரலை ஆட்டினார். திருத்திச் சொன்னேன்.

அப்பாவுக்கு ஆர்டர் வந்தது ஆவணியில்தான்.