அறுபது பேர் கல்யாணமும் ஒரு சாம்பிளும்

சனிக்கிழமை காலை 5.40. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு பட்டு வேட்டி. இரண்டு கைகள் அதன் மேல் விளிம்பைப் பிடித்து விரித்திருந்தன. கைகளுக்குச் சொந்தக்காரர் வேட்டிக்குப் பின்னால் இருந்தார்.

"டியூப் லைட்டுல பாத்தாச்சு. கடையில மஞ்ச லைட்டுலயும் பாத்தாச்சு. டே லைட்டு ஒண்ணுதானுங்க பாக்கி. கொஞ்சம் நில்லுங்க தம்பி, சூரியன் வந்துரட்டும்" என்றது வேட்டி.

நான் படுத்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அப்போது ஒரு நாளிதழின் திருப்பூர் நிருபர் நான். மறுநாள் எனக்குக் கல்யாணம். வாசற்படியில் சாய்ந்து நின்றேன். சூரியன் தன் நேரத்துக்குத்தான் வந்தது. வேட்டியின் வெள்ளையில் மஞ்சள் அடிக்கவில்லை என்று உறுதியான பிறகு அது மடிக்கப்பட்டது. பின்னால் சாம்பிள் அண்ணன் தெரிந்தார்.

மாதிரி பார்த்து ஒப்புதல் தராமல் இந்த உலகத்தில் எதுவும் நடக்கக் கூடாது என்று நம்பியவர் அவர். பூமி உருண்டையாக இருப்பதற்கும் அவரிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் அவருக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சாம்பிள் பிரிவுக்குப் பொறுப்பாளர். வெளிநாட்டுக்காரர் ஐம்பதாயிரம் டி-ஷர்ட் கேட்டால் முதலில் ஒன்றைத் தைத்து அனுப்ப வேண்டும். கழுத்தைக் கால் அங்குலம் இறக்கு என்பார்கள். இறக்கி அனுப்பினால் கையை ஏற்று என்பார்கள். இந்தத் திருத்தங்களுக்கு கமெண்ட்ஸ் என்று பெயர். எல்லாம் ஒத்துவந்த பிறகு, பல்க் எனப்படும் மொத்தத் தையலுக்கு முன்னால் கடைசியாக ஒரு மாதிரி போகும். அது பிபி சாம்பிள், அதாவது ப்ரீ புரொடக்‌ஷன் சாம்பிள். அதற்கு ஒரு விதி உண்டு: அசல் துணி, அசல் நூல், அசல் பட்டன், அசல் லேபிள். கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றக் கூடாது. அண்ணன் இந்த வேலையை வருடக்கணக்கில் செய்து, கடைசியில் வாழ்க்கையையும் அதே முறையில் நடத்தத் தொடங்கிவிட்டார்.

முடி வெட்டிக்கொள்ளப் போனால் இடது பக்கத்தை மட்டும் வெட்டச் சொல்வார். எழுந்து தெருவுக்கு வந்து, நிறுத்தியிருக்கும் ஏதாவது பைக்கின் கண்ணாடியில் பார்ப்பார். "பரவால்லீங்க, இதே மாதிரி மறு பக்கமும் ஓட்டிருங்க" என்று திரும்பி உட்காருவார். ஒரு முறை இடது பக்கம் பிடிக்கவில்லை. நாவிதருக்குத் திருத்த ஒரு நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, பாதித் தலையோடு வேலைக்கு வந்துவிட்டார். மெஸ்ஸில் காலையில் வரும் முதல் இட்லியில் பாதியை டிபன் மூடியில் எடுத்து வைத்துக்கொள்வார். நான்காவது இட்லி வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பார். மகளுக்குப் பெயர் வைத்தபோது ஒரு பெயரை ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்த்து, அக்கம்பக்கத்தில் கருத்துக் கேட்டு, இரண்டு முறை திருத்தி, மூன்றாவதை இறுதி செய்ததாகக் கேள்வி. அதற்குள் குழந்தை மூன்று பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டதாம்.

அவர் எங்கள் கல்யாணத்துக்குள் நுழைந்தது கவிதா வழியாக. கவிதா அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு ஆர்டர்களுக்குக் கடிதமும் பதிலும் எழுதுபவள். அறுபது பேரோடு கல்யாணத்தை முடித்துக்கொள்ளப் போகிறோம், மண்டபம் இல்லை, ஐயர் இல்லை, மேளம் இல்லை, மாலை மாற்றித் தாலி கட்டிச் சாப்பாடு போட்டால் சரி என்று அவள் மதிய இடைவேளையில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அண்ணன் தயிர்சாதத்தோடு திரும்பியிருக்கிறார்.

"அறுபதா? அது பல்க் இல்லீங்களே கண்ணு. சாம்பிள் குவான்டிட்டி. அப்ப அது நம்ம டிபார்ட்மெண்டுங்க."

அன்று மாலையே வாட்ஸாப் குழு ஒன்று தொடங்கப்பட்டது. பெயர்: 'கவிதா மேரேஜ் கமெண்ட்ஸ்'.

அதற்குள் நாங்கள் களைத்திருந்தோம். பெரிய கல்யாணத்தில் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். சின்னக் கல்யாணத்தில் யாரை விடுவது என்று தினமும் உட்கார வேண்டும். ஒவ்வொரு பெயரை அடிக்கும்போதும் அந்த ஆள் நமக்குச் செய்த ஏதோ ஒரு நல்லது ஞாபகம் வரும். அறுபத்திரண்டை அறுபதாக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது.

ஆனாலும் கவிதா பிடிவாதமாக இருந்தாள். அக்காவின் கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா தன் தையல் யூனிட்டிலிருந்து நான்கு ஓவர்லாக் மெஷின்களை விற்றவர். விற்ற இடத்தில் தரையில் நான்கு எண்ணெய்க் கறைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் அவள்.

அந்த அப்பாதான் எங்களுக்கு இருந்த ஒரே பிரச்சினை. காதலுக்கு அவர் தடை சொல்லவில்லை. வேறு சாதி என்பதற்கு இரண்டு மாதம் பேசாமல் இருந்து, பிறகு பேசிவிட்டார். அறுபது பேர் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவே எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"நாப்பது வருசமா கொமரலிங்கத்துல இருந்து பல்லடம் வரைக்கும் எவனூட்டுக் கண்ணாலம்னாலும் போயி உக்காந்துருக்கறேன். அந்தச் சொந்தபந்தம், ஒரம்பரையெல்லாம் விட்டுப்போட்டு, என்ற புள்ள கண்ணாலத்துல நா மட்டும் போயி உக்காந்தா, பொறகு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவீங்க வாசல்ல நிக்கறது? நீங்க பண்ணிக்குங்க பேப்பர்காரரே. வேண்டாங்கல. நா வரல, அவ்வளவுதான்."

கவிதாவுக்கு அம்மா இல்லை. வெளியே வந்ததும், "வராட்டிப் போகுது" என்றாள். ஆனால் அறுபது பேர் பட்டியலில் அவர் பெயரை அடிக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் போடலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை.

சாம்பிள் அண்ணன் இதைப் பற்றி எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேலை இருந்தது. முதலாளியிடம் பேசி, ஞாயிறு விடுமுறையில் கட்டிங் ஹாலை வாங்கிக்கொடுத்தார். துணி வெட்டும் நீள மேசையில் ஒரு பக்கத்துக்கு முப்பது இலை விழும் என்று நாடா வைத்து அளந்து காட்டினார். புடவைக் கடையில் ஒரு முகூர்த்தப் புடவையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனார், காவலாளி அவர் பின்னால் ஓடினார், அண்ணன் அவரையே ஒரு முனையைப் பிடிக்க வைத்து, "நீங்க சொல்லுங்க, இது அரக்கா, மெரூனா?" என்று கேட்டார். சமையல்காரர் ரசத்தை நான்கு முறை மாதிரி காட்டினார். ஐந்தாவது முறை கேட்டபோது, "இந்தாள வெச்சு அறுபது பேருக்குச் சமைக்கறதுக்கு ஆறாயிரம் பேருக்குத் தனியாச் சமைச்சுருவேனுங்க" என்று என்னிடம் முறையிட்டார்.

பிறகுதான் அந்த அறிவிப்பு குழுவில் வந்தது. ஞாயிறு கல்யாணம். சனி காலை ஆறரை மணிக்கு பிபி சாம்பிள். எட்டரைக்கு ஷிப்ட் தொடங்குமுன் மேசையைக் காலி செய்ய வேண்டும்.

"ஒத்திகையா?" என்று கேட்டேன்.

"ஒத்திகை நாடகத்துக்குங்க. இது சாம்பிள்" என்றார்.

அதே வாரம் அவர் கவிதாவின் அப்பாவைப் போய்ப் பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சைப் பிற்பாடு யூனிட் டெய்லர் ஒருவர் வார்த்தை பிசகாமல் எனக்குச் சொன்னார்.

"கண்ணாலத்துக்குக் கூப்புட வரலீங்க. அதுக்கு நீங்க வர வேண்டியதில்லீங்க."

"பொறகென்ன சோலி?"

"சனிக்கெழம காத்தால சாம்பிள் ஓட்டறோம். கமெண்ட்ஸ் குடுக்க வெவரமான ஆளு ஒருத்தர் வேணுமுங்க. பேப்பர்காரருக்கு ஒரு எழவும் தெரியல."

அப்பா கையிலிருந்த பனியனின் தையலைத் திருப்பிப் பார்த்தாராம்.

"ஒரம்பரையக் கூப்புடாம எப்பிடிங்க?"

"சாம்பிள் பாக்கறதுக்கு எவனுங்க ஒரம்பரையக் கூப்புடறான்?"

சனிக்கிழமை ஆறரைக்கு கவிதாவின் அப்பா வந்தார். அயர்ன் செய்யாத சட்டை, காதில் பென்சில். கல்யாணத்துக்கு வந்தவர் இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஹாலில் மொத்தம் ஏழு பேர். நான், கவிதா, அண்ணன், சமையல்காரர், வேட்டிக்குப் பெட்டி போட வந்த கம்பெனி அயர்ன் மாஸ்டர், அவர், சென்னிமலையிலிருந்து முந்தின நாளே வந்திருந்த என் அம்மா. அம்மா வந்தது சமையல்காரர் மேல் நம்பிக்கை இல்லாததால்.

அப்பா வேலையைத் தொடங்கினார். இலைகளுக்கு நடுவே இடைவெளி போதாது. மாலை கனம் அதிகம், புள்ளைக்குக் கழுத்து வலிக்கும். மின்விசிறி குத்துவிளக்கை அணைக்கும். என் வேட்டிக் கட்டு இடுப்பில் நிற்காது. ஒவ்வொன்றையும் அண்ணன் எழுதிக்கொண்டார். பதினொன்று ஆயின.

"பொண்ணு வலப் பக்கம் நிக்கோணும். தாலி ஏறுன பொறகுதான் எடப் பக்கம். இதுகூடத் தெரியாம பேப்பர் நடத்தறீங்களா?"

நாங்கள் இடம் மாறினோம். அண்ணன் ஒரு தட்டை நீட்டினார். மஞ்சள் கயிறு. அதில் தாலி. கடையில் நானும் கவிதாவும் தேர்ந்தெடுத்த அதே தாலி.

"இது அசலாச்சே அண்ணா" என்றேன்.

"பிபி சாம்பிள்ல டம்மி வெக்கக் கூடாதுங்க. ரூல்ஸு."

அவர் குரலில் விளையாட்டு ஏதும் இல்லை. நான் மூன்று மணி நேரமே தூங்கியவன். கயிற்றை எடுத்தேன். பாவனையாகக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தேன். நான் பிடித்த விதம் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பிடிப் புடிச்சா நழுவிரும். நல்லா இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுங்க."

போட்டேன்.

"இன்னொண்ணு."

போட்டேன். அம்மா முன்னால் வந்தாள். "சாமி, மூணாவது முடிச்சு நாத்தனா போடோணும். உங்கக்கா நாளைக்குத்தான வருவா. நிறுத்திக்கோ."

அயர்ன் மாஸ்டரின் பெட்டியிலிருந்து ஆவி சீறியது. கவிதா அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி காதிலேயே வைத்தார்.

"பாதி தெச்ச பீஸ வெச்சு எவன் செக் பண்ணுவான்?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "போடுங்க. மூணையும் நீங்களே போடுங்க."

போட்டேன். அவர் கையில் மஞ்சள் அரிசி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அது தட்டில் இருந்ததா, அண்ணன் கொடுத்தாரா, தெரியாது. எங்கள் தலையில் விழுந்தது. கவிதா யாரும் சொல்லாமல் என் இடப் பக்கம் வந்து நின்றாள்.

அவர் கமெண்ட்ஸ் தாளை வாங்கிப் படித்தார். பதினொன்றில் இரண்டாவதை அடித்தார். மாலை கனம் பரவாயில்லை என்றார். ஒரு இலையில் உட்கார்ந்து பொங்கலும் ரசமும் சாப்பிட்டார். ரசத்தில் மிளகு தூக்கல் என்றார். "நாளைக்கு நா வரலீங்க. சொன்னது சொன்னதுதான்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போனார். எட்டரைக்கு ஷிப்ட் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் நடந்தது என்ன என்று எங்களுக்கு உறைத்தது. "கட்டுன தாலியக் கழட்டி நாளைக்கு மறுபடி கட்டுவாங்களா? நா கழட்ட மாட்டேன்" என்றாள் கவிதா. அம்மாவும் அவள் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தொன்பது பேர் வந்தார்கள். மாலை மட்டும் மாற்றிக்கொண்டோம். தாலி கட்டுவதைப் பார்க்கவில்லையே என்று அத்தனை பேரும் குறைப்பட்டார்கள். என் அக்கா அந்த மூன்றாவது முடிச்சுக்காக இன்றுவரை என்னோடு சண்டை போடுகிறாள். எல்லாரையும்விட நொந்துபோனவர் சாம்பிள் அண்ணன். சாப்பாட்டு வரிசைக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"சாம்பிள்ல இருந்த ஐட்டம் பல்க்ல இல்லீங்களே தம்பி. என்ற சர்வீஸ்ல இப்பிடி ஒரு ஷிப்மென்ட் போனதில்லீங்க."

வேண்டுமென்றே செய்தீர்களா என்று அவரிடம் நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் அவர் முகத்தை ஒரு நிருபரின் கண்ணோடு பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை. வேறு யார் கல்யாண வேலையையும் அதற்குப் பிறகு அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

என் மாமனார் சொந்தக்காரர்களிடம் இப்போதும் சொல்வது ஒன்றுதான்: "நா கண்ணாலத்துக்கே போகலீங்க." ஒருவரும் அவரிடம் கோபித்துக்கொண்டதில்லை.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். தாலி கட்டியது எந்தத் தேதி என்று எழுத்தர் கேட்டார். சனிக்கிழமையின் தேதியைச் சொன்னோம். அதை நேரில் பார்த்த சாட்சிகள் வேண்டும் என்றார். கவிதா போன் செய்தாள். முக்கால் மணி நேரத்தில், அயர்ன் செய்த வெள்ளைச் சட்டையில் அவளுடைய அப்பா வந்தார். முதல் சாட்சியின் இடத்தில் கையெழுத்துப் போட்டார்.