நெவில் டிரெசைஸ் என்று யாரும் இல்லை

லினக்ஸ்காரர்கள் இரண்டு வகை. ஒருவர் விண்டோஸுக்குப் பதிலான அந்த இயங்குதளத்தைத் தம் கணினியில் போட்டுக்கொண்டு தம் வேலையைப் பார்ப்பவர். அவரால் யாருக்கும் தொல்லையில்லை. அவர் லினக்ஸ்காரர் என்பதே நமக்குத் தெரியாது. இன்னொருவர் அதை நம் கணினியிலும் போடாமல் ஓயாதவர். இவரைத் தேடிக்கொண்டு நீங்கள் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பார்பிக்யூவில் கையில் சாசேஜும் ரொட்டியுமாக ஓர் ஓரத்தில் நின்றால் போதும், அவராக வருவார். "சௌக்கியமா?" என்று கேட்க மாட்டார். "உன் மெஷின்ல என்ன ஓடுது?" என்பார். பதில் சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். உங்கள் சாசேஜ் ஆறிப்போகும். அவர் ஆற மாட்டார்.

இந்த இனத்தின் முழுமையாக வளர்ந்த மாதிரி எங்கள் தெருவில் இருக்கிறார். பெயர் நெவில் டிரெசைஸ். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகருக்கு மேலே மலையில், யூகலிப்டஸ் காட்டை ஒட்டிய தெரு. குடிநீர் வாரியத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கிளெனிஸும் நானும் நகர நூலகத்தில் வேலை பார்க்கிறோம்; போக வர ஒரே கார். அதனால் நெவிலின் கொள்கைகள் எனக்குக் காலையிலும் மாலையிலும் புலம்பல் வடிவத்தில் வந்து சேர்ந்துவிடும்.

அவர் வீட்டில் கேமரா உள்ள எதன் மீதும் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். வைஃபையின் கடவுச்சொல் ஒரு முழு வாக்கியமாக இருக்கும். அந்த வாக்கியத்தில் வேண்டுமென்றே செய்த எழுத்துப்பிழைகள் இருக்கும். விருந்தாளி அதைத் தட்டி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆறிய தேநீரைக் குடிக்கும்போது, அந்த வாக்கியத்தை ஏன் மாதாமாதம் மாற்ற வேண்டும் என்ற விளக்கம் தொடங்கும். விளக்கம் முடியும்போது மாதமும் முடிந்திருக்கும். எல்லாம் பிரமாதமாக ஓடும். அச்சுப்பொறியைத் தவிர.

"அது லினக்ஸோட தப்பு இல்ல," என்பார் நெவில். "பிரின்டர் கம்பெனிக்காரன் உள்ளே என்ன வச்சிருக்கான்னு வெளியே சொல்ல மாட்டேங்கிறான்."

"ரகசியம் வச்சுக்கறது தப்பா, நெவில்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அவன் வச்சுக்கிட்டா தப்பு. நான் வச்சுக்கிட்டா பாதுகாப்பு."

என் மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஒருநாள் அவர் காதுபட முனகிவிட்டேன். கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்துபோல் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அது மின்னலாய் ஓடியது. என் பழைய படங்களில் பாதியைக் காணோம். "சுத்தமா புதுசா ஆரம்பிக்கிறே, சந்தோஷப்படு," என்றார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த மனிதர் சொல்வது பெரும்பாலும் சரி. "காசு வாங்காம குடுக்கிறான்னா, உன்னைத்தான் எங்கேயோ வித்துக்கிட்டிருக்கான்," என்பார், விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் எல்லாருடைய விவரங்களையும் வைத்திருந்த ஒரு கம்பெனியிலிருந்து அத்தனையும் களவு போனபோது, ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. நெவில் மட்டும் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவர்போல் வீடு வீடாகப் போனார். ஆறுதல் சொல்லவா? "அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று கேட்க. சரியாகச் சொல்கிறவரை நாம் மன்னித்துவிடலாம். சரியாகச் சொன்னதை வந்து நினைவூட்டுகிறவரை எப்படி மன்னிப்பது?

காப்பிக் கடையில் கோப்பையில் எழுதப் பெயர் கேட்பார்களே, அங்கே கூட நெவில் உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர். "பார்தலோமியூ!" என்று கூப்பிடுவார்கள், யாரும் அசைய மாட்டார்கள், காப்பி ஆறும். இன்றைக்குத் தான் யார் மனைவி என்று தெரியாமல் கிளெனிஸ் கல்லாப் பக்கம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பாள். நெவில் தம் கைபேசியை பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு மூடி வைத்திருப்பார். சிக்னல் வெளியே போகாதாம். உள்ளேயும் வராது என்பது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை.

இதுவரை சிரிப்புதான். சென்ற கோடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கோடை என்றால் காட்டுத்தீ. நெருப்பு எங்கே, எந்தத் திசையில் என்று கைபேசிக்கே செய்தி அனுப்பும் செயலி ஒன்று உண்டு. மலையில் இருப்பவர்கள் எல்லாரும் வைத்திருப்போம். கிளெனிஸின் கைபேசியிலிருந்து அதை நெவில் அழித்துவிட்டார்.

"நீ எங்கே இருக்கேன்னு அது கேக்குது, கிளென்."

"நெருப்பு என் பக்கத்துல வந்தா சொல்லணும்னா, நான் எங்கே இருக்கேன்னு அதுக்குத் தெரியணுமே!"

"அப்படித்தான் ஆரம்பிப்பானுங்க."

ஜனவரி மாதம், வடக்கிலிருந்து அனல்காற்று அடித்த ஒரு வியாழக்கிழமை. நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கைபேசி அலறியது. எங்கள் தெருவின் பெயரே வந்திருந்தது: உடனே வெளியேறுங்கள். கிளெனிஸ் நெவிலைக் கூப்பிட்டாள். டப்பாவுக்குள் இருக்கும் கைபேசி எப்படி அடிக்கும்? மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. பிறகு, வெளியேறி வந்தவர்களின் பெயர்களைப் பதிந்து வைக்கும் விசாரணை எண்ணுக்குப் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகத் தேடினாள்.

"நெவில் டிரெசைஸ்னு யாரும் இல்லைங்க."

காரை நான்தான் ஓட்டினேன். நெடுஞ்சாலை ஏறும்போதே மலைமேல் வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. கிளெனிஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"ரோவீனா, காலையில கிளம்பும்போது அவன்கிட்ட கத்திட்டு வந்தேன். 'டிவிக்கெல்லாம் எதுக்குடா பாஸ்வேர்டு, கிறுக்கா'ன்னு. அதுதான் நான் அவன்கிட்ட கடைசியா பேசினதா?"

இன்னும் வேகமாக ஓட்டினேன்.

மலைப்பாதையை மறித்து நின்ற போலீஸ்காரர் எங்களை மேலே விடவில்லை. கீழே விளையாட்டுக் கூடத்தில்தான் எல்லாரும் இருக்கிறார்கள், அங்கே போய்ப் பாருங்கள் என்றார். போனோம். வாசலில் மேசை போட்டு, ஆரஞ்சு மேலங்கி அணிந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை விரல் வைத்துப் பார்த்தாள். நெவில் இல்லை. டிரெசைஸே இல்லை. கிளெனிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்கம்மா," என்றாள் ஆரஞ்சு அம்மாள், மெதுவாக. அந்தக் குரலின் மென்மைதான் எங்களை மிகவும் பயமுறுத்தியது.

அப்போது கூடத்தின் கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாஸ்வேர்டே இல்லாத வைஃபையா? இத்தனை பேரும் இதுலயேவா பேங்குக்குள்ள போறீங்க? புத்தியிருக்கா உங்களுக்கு?"

கிளெனிஸ் ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று நான் நினைத்ததில்லை. மடக்குக் கட்டிலில் நெவில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சாக்ஸ், மடியில் கணினி ஹார்ட் டிஸ்க்குகள் நிறைந்த பெட்டி, காலடியில் கூண்டுக்குள் பூனை. கையில் கைபேசியோடு மாட்டிக்கொண்ட ஓர் இளம் தம்பதி எதிரே விழித்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா, நல்லதாப் போச்சு," என்றார் நெவில். "இவங்ககிட்ட நீயாவது சொல்லு..."

கிளெனிஸ் கைப்பையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நீ செத்துட்டேன்னு நினைச்சேன்டா!"

"ஏன்? புகை தெரிஞ்சதும் முதல் ஆளா வந்து பதிவு பண்ணேனே!"

"என்ன பேர்ல?"

நெவில் குனிந்து பூனைக்கூண்டின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார். பின்னாலேயே வந்த ஆரஞ்சு அம்மாள் சொன்னாள்: "இவர் மிஸ்டர் பெரக்ரின் வாடில் இல்லையா?"

இளம் தம்பதியின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம்.

"பேரு, பிறந்த தேதி, விலாசம், மூணையும் ஒரே இடத்துல கேக்கறாங்க, கிளென். நாளைக்கு அது யார் கைக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

"என் கைக்குப் போகணும்டா! தேடினது நான்!"

நெவில் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான்கூட நம்பினேன். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"ஆனா ஒண்ணு பாரு. போலீஸ், விசாரணைக்காரங்க, கட்டின பொண்டாட்டி... ஒருத்தராலயும் என்னைக் கண்டுபிடிக்க முடியல. என்னோட முறை வேலை செய்யுது!"

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கிளெனிஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, விக்கி விக்கி அழுதாள். நெவிலுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அவள் தலைமேல் வைத்தார். "உன் போட்டோ எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன்," என்றார், மடியிலிருந்த பெட்டியைக் காட்டி. "பூனையை விட்டா, வீட்டுல வேற எதையும் எடுக்கல." அவர் பாஷையில் அது காதல். அவளுக்கும் அது புரிந்தது. அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மாலையில் காற்று திசை மாறியது. எங்கள் தெரு தப்பித்தது. சில வேலிகளும் நெவிலின் மரக்கொட்டகையும் போயின. தீ எச்சரிக்கைச் செயலி இப்போது இருவர் கைபேசியிலும் இருக்கிறது. தகர டப்பாவில் பிஸ்கட் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் செய்வதுபோல் நெவிலின் தொப்பிக்குள் அழியாத மையில் அவர் முழுப்பெயரையும் தன் தொலைபேசி எண்ணையும் கிளெனிஸ் எழுதிவிட்டாள். எழுதிய மறுநாளே அதன்மேல் பிளாஸ்டர்.

நெவில் மாறினாரா? இந்தக் கதையை இப்போது பார்பிக்யூக்களில் அவரேதான் சொல்கிறார், தம் முறையின் வெற்றிக்குச் சான்றாக. கிளெனிஸ் அழுத இடம் அவர் கதையில் வராது.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். வைஃபையைப் பூட்டி வைப்பீர்கள், கிடைத்த இடத்தில் எல்லாம் பெயரைக் கொடுக்க மாட்டீர்கள், ஆனால் அளவு தெரிந்தவர். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் ஒரு பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையை முழுக்கப் படித்தீர்களே, 'அவர் போட்டிருப்பது லினக்ஸில் இருக்கிற நூறு வகைகளில் எந்த வகை என்று இந்த அம்மாள் கடைசிவரை சொல்லவே இல்லையே' என்று உள்ளே எங்கோ ஓர் அரிப்பு எடுக்கிறதா?

எடுக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வாருங்கள். நெவில் பக்கத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.