நம் பாட்டு

கேசட்டின் நாடா டேப் ரெக்கார்டருக்குள் சிக்கிக்கொண்டது. நாளைக் காலை பத்து மணிக்குள் அது பாடியாக வேண்டும்.

நாறும்பூநாதன் மெதுவாக இழுத்தார். வந்தது. முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது.

நாளை குற்றாலத்தில் எண்பத்து மூன்றாம் வருடப் பத்தாம் வகுப்புக்காரர்கள் கூடுகிறார்கள். பெங்களூரிலிருந்து பொன்செல்வி வருகிறாள். கணக்கு வாத்தியார் எபனேசர் சாரின் மகள். பரீட்சைக்கு முந்தின மாதம், மேலகரம் பஸ் நிறுத்தத்தில் இந்தக் கேசட்டை அவர் கையில் திணித்து, "கேட்டுப் பாரு. ஒனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவள்.

கேட்க வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. அடுத்த வீட்டில் போட்டால் குட்டு உடைந்துவிடும். உறை மேல் 'நம் பாட்டு' என்று எழுதி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். அந்த வருடம் கணக்கில் முப்பத்திரண்டு மார்க் வாங்கித் தோற்றார்.

ஒன்பது வருடம் கழித்து ஜோதிலட்சுமி சீர்வரிசையோடு ஒரு டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தாள். கல்யாணமான இரண்டாம் மாதம், கிருத்திகைக்கு அவள் பண்பொழி முருகன் மலைக்குப் போன அன்றுதான் முதன்முதலாகப் போட்டுக் கேட்டார்.

பன்னிரண்டு காதல் பாட்டு.

அதன்பின் ஒவ்வொரு கிருத்திகையும் அவருக்கு மேலகரம் பஸ் நிறுத்தம்தான். முதல் பாட்டில் புல்லாங்குழல் எழும்போது, மலைப்பக்கத்து மூட்டத்துக்குள்ளிருந்து பொன்செல்வி குடையோடு நடந்து வருவாள். ஏழாவதில் ரெட்டைச் சடை நனைந்திருக்கும். பன்னிரண்டாவதில் பஸ் கிளம்பும். ஜன்னலோரம் அவள் திரும்புவதற்குள் பாட்டு முடிந்துவிடும். அவரும் அவசரமாக நிறுத்திவிடுவார். ஜோதிலட்சுமி வரும் நேரம்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. "நான் வர அஞ்சு மணி ஆவும். பாட்டு கீட்டு போட்டுக் கேட்டுட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். சில நாள் காய் நறுக்கும்போது அந்த ஏழாவது பாட்டை முணுமுணுப்பாள். எங்கே கேட்டாளோ. அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

ஜோதிலட்சுமி கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் எல்லா நாளும் வீடு கிருத்திகை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கேசட்டைப் போடத்தான் தோன்றவில்லை.

நாளை ஒரு நாள் போட வேண்டும். போட்டுவிட்டு, "அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லத் தைரியம் இல்ல, பொன்செல்வி" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும்.

கேசட்டின் துளைக்குள் பென்சிலை விட்டுச் சுற்றினார். நாடா அறுந்தது. செலோடேப் போட்டு ஒட்டினார். பாடியது, தலைகீழாக. என்ன கோளாறு என்று கேட்க, அதைப் போனில் பதிந்து கூட்டாளி ஜஸ்டினுக்கு அனுப்பினார். அது கை தவறி வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

ஜஸ்டின் உடனே கூப்பிட்டான்.

"ஏலே நாறும்பூ, என்ன எழவுலே இது? பேய் ஓட்டுதியா?"

"பாட்டுலே. நாளைக்குப் போடுததுக்கு."

"நல்லாப் போட்ட. நாளைக்கு வரவா வேண்டாமான்னு பொன்செல்வி கேக்கா."

நாறும்பூநாதன் கேசட்டை உறையோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார். முகம்மது யூசுப் பாய் ஒரு காலத்தில் பாட்டுப் பதிந்து கொடுத்தவர். இப்போது போன் கவரும் சார்ஜரும் விற்கிறார். பழைய மெஷின் ஒன்று மட்டும் துணி மூடிக் கிடந்தது.

பாய் நாடாவின் முறுக்கை எடுத்து, ஒட்டி, ஓடவிட்டார். புல்லாங்குழல் எழுந்தது. மூட்டம் வந்தது. குடை வந்தது.

"கடைசியையும் பாத்துருவோம்" என்று பாய் நாடாவை ஓட்டினார். பன்னிரண்டாவது பாட்டு முடிந்தது. நாறும்பூநாதனின் கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது.

"இருங்க அண்ணாச்சி, இன்னும் நாடா கெடக்கு."

கரகரவென்று ஓர் ஆண் குரல் வந்தது. "ஆகவே எக்ஸின் மதிப்பு மூன்று. அடுத்த கணக்குக்குப் போவோம்."

எபனேசர் சார்.

"பாய், பாட்டுக்குள்ள சார் எப்படி வந்தாரு?"

யூசுப் பாய் உறையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாருக்குள்ளதான் அண்ணாச்சி பாட்டு வந்துச்சு. மொதல்ல இதுல ரெண்டு பக்கமும் முச்சூடும் கணக்குதான் இருந்துச்சு. கல்யாணமான புதுசுல ஒங்க வீட்டம்மா கொண்டாந்து, 'மேல நம் பாட்டுன்னு எழுதிப் பொத்தி வச்சிருக்காக, போட்டுக் கேட்டா ஏமாந்துருவாக பாய்'னு சொல்லி, தனக்குப் புடிச்ச பன்னெண்டு பாட்டை எழுதிக் குடுத்துட்டுப் போனாக."